பவுனோட மூணாவது குட்டி

அந்த வூடா? அது கீழ பள்ளத்துல கீதுங்க டாக்டரம்மா. வண்டி போவாது. தார் ரோடு என் வாசலோட முடிஞ்சிடுது. தோ, அந்தப் புளிய மரத்தாண்ட ஸ்டாண்டு போட்டுடுங்க, யாரும் தொட மாட்டாங்க. ஆலங்காயத்துலேர்ந்து ஸ்கூட்டர்லயேவா வந்தீங்க? அத்தினி வளைவுலயும் ஒண்டியா? தைரியந்தான். வாங்க, கட்டில்ல உக்காருங்க. ஒரு சொம்பு மோர் குடிச்சிட்டு எறங்கலாம். ஆடு எங்கியும் ஓடிடாது. மூணு காலு ஆடு எங்க ஓடப் போவுது.

எந்த ஆடுன்னு எனக்கு எப்டி தெரியுமா? இன்னாங்க அப்டி கேட்டுட்டீங்க! இந்த மலைக்கு புதுசா யாரு வந்தாலும் அந்த ஆட்டைப் பாக்கத்தான வர்றாங்க. வந்தவங்க எல்லாம் என் வாசல்ல நின்னுதான் வழி கேக்குறாங்க. பேசாம ஒரு போர்டு எழுதி மாட்டிடலாமான்னு கீது. மூணு காலு ஆட்டுக்கு இப்டி போவணும்னு அம்பு போட்டு. போன வாரம் காவலூர்லேர்ந்து நாலு பேரு கார்ல வந்தாங்க. அந்த நட்சத்திரம் பாக்குற எடத்துல வேலையாம். வானத்தையே கிட்ட இஸ்து வச்சிப் பாக்குறவங்களுக்கு இந்த நொண்டி ஆட்டுல இன்னா பாக்க கீதோ. தண்ணி குடுங்கன்னாங்க, குடுத்தேன். திரும்பி வர்றப்போ என் பக்கம் ஒரு பார்வை கூட இல்ல. ஃபோன்ல எடுத்த படத்தையே பாத்துக்கினு போயி கார்ல ஏறிட்டாங்க.

சத்தமா? ஆட்டுச் சத்தந்தாங்க. ஆடு வளக்குற வூட்டுல ஆடு கத்தாம வேற இன்னா கத்தும். நீங்க குடிங்க.

அந்த வூட்டுப் பொண்ணு கவியா தான் ஃபோன் பண்ணுச்சா உங்களுக்கு? பண்ணும், பண்ணும். திருப்பத்தூர்ல காலேஜு படிக்குது, லீவுக்கு வந்துருக்குது. பத்து நாளாச்சு வந்து. வந்ததுலேர்ந்து அந்த ஆட்டு மூஞ்சியிலயே தான் முழிக்குது. அது இன்னா சொல்லுச்சு ஃபோன்ல? நேத்துலேர்ந்து ஆடு தழை தொடலையா. ஒரு பக்கம் மடி கல்லு மாதிரி கட்டிக்கிச்சா. மூணு குட்டியில ஒண்ணு காணோமா. ம். நானும் கேள்விப்பட்டேன். நரி தூக்கினு போயிருக்கும். இந்தக் காட்டுல நரிக்கு இன்னா பஞ்சம்.

அந்த ஆட்டுக்காரி வடிவு யாருன்னு தெரியாம பேசிக்கினு கீறீங்க, சொல்றேன். எங்கூட்டுக்காரரு பேரு தீர்த்தகிரி. அவருக்கு அண்ணன் துரைக்கண்ணு. அவரு சம்சாரந்தான் வடிவு. எனக்கு ஓரகத்தி, அக்கான்னு கூப்பிடுவேன். அவங்க பள்ளத்து வூடு, நாங்க மேட்டு வூடு. நடுவுல இந்த சரிவு ஒண்ணு தான். அவங்க மேல எனக்குப் பொறாமையெல்லாம் கெடையாது, அத்த முதல்லயே சொல்லிடறேன். ஊர்ல நாலு பேரு நாலு விதமா சொல்லுவாங்க.

அந்த ஆட்டுக்கு காலு போன கதை தெரியுமா? ரெண்டு வருஷம் இருக்கும். காட்டுப் பன்னிக்குன்னு யாரோ கம்பியில சுருக்கு வச்சிருந்தான். அதுல மாட்டிக்கிச்சு. முன்னங்காலு, முட்டிக்குக் கீழ பூடுச்சு. கறிக்குக் குடுத்துடுன்னு ஊரே சொன்னுச்சு, நானுந்தான் சொன்னேன். நொண்டி ஆட்டை வச்சிக்கினு இன்னா பண்றதுன்னேன். வடிவு அக்கா கேக்கல. வேப்பெண்ண போட்டு, மஞ்சா போட்டு, துணி சுத்தி, மடியிலயே படுக்க வச்சி ஆத்திட்டாங்க. அவங்கூட்டுக்காரரு தெனம் தழை வெட்டியாந்து போடுவாரு. அது வாசலை வுட்டு நகரணும்னே இல்ல. மகாராணி.

பேரு வச்சிருக்காங்க பாருங்க, பவுனு! அது பொறந்தப்போ செவலைக் குட்டின்னுதான் கூப்டாங்க. காலு போனப்பால பவுனு ஆயிடுச்சு. காலு போனா பேரு ஏறுமா டாக்டரம்மா? எனக்கு எறங்கித்தான் போச்சு. தோ பாருங்க, இந்த இடது காலை. மூணு வயசுல காய்ச்சல்ல படுத்தேன், நான் எழுந்தேன், இது எழுந்திரிக்கல. மங்கம்மான்னு எங்கப்பா வச்ச பேரு. இந்த ஊருக்கு மருமவளா வந்த அன்னிக்கே மொண்டி மங்கா ஆயிட்டேன். ஆட்டுக்கு மூணு காலு, எனக்கு ஒண்ணே முக்கா. அது பவுனு, நான் மொண்டி. கேட்டா சிரிப்பா வரல?

இன்னும் கேளுங்க. இந்த வருஷம் அது மூணு குட்டி போட்டுச்சு. மூணு! நின்னு குடுக்க முடியாது அதுக்கு. குட்டிங்க முட்டுற முட்டுல சாஞ்சிடும். அதனால போயி செவுத்துல ஒரு பக்கமா சாஞ்சிக்கினு குடுக்குது. ஆட்டுக்கு காம்பு ரெண்டு தான. ரெண்டு குட்டி குடிச்சதும் மூக்கால தள்ளி வுட்டுட்டு, ஓரமா நிக்கிற சின்னதுக்கு எடம் வுடும். யாரும் சொல்லித் தரல. அத்த கவியா வீடியோ எடுத்து போட்டுச்சு, எத்தினியோ லட்சம் பேரு பாத்துட்டாங்களாம்.

நானா? ஒரு தடவை பாத்தேன். சரி, ஒரு தடவை இல்ல. எங்கூட்டுக்காரரு ஃபோன்ல கீது. அவரு களத்துக்குப் போனா எடுத்துப் பாப்பேன். அதுல கடசில கவியா பேசும். அந்த வெள்ளச் சுடிதார் போட்டுக்கினு, ஆட்டுக்குப் பக்கத்துல குந்திக்கினு. நல்லா பாருங்க, ஒரு தாய்க்கு காலு முக்கியமில்லைன்னு சொல்லும். சொல்லிட்டு நிமிந்து மேல பாக்கும். அது நின்ன எடத்துலேர்ந்து மேல பாத்தா என் வூடு தான் தெரியும். அது சும்மா பாத்துச்சா, என்னைப் பாத்துச்சா, இன்னிய வரைக்கும் எனக்கு வெளங்கல.

வடிவு அக்காவும் வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் அதே பேச்சு. மூணு காலை வச்சிக்கினு எப்டி வளக்குது பாருங்கன்னு அப்டியே கண்ணு கலங்கி சொல்லுவாங்க. இதே வாயி தான் என்கிட்ட வேற பேசுச்சு. அத்த அப்பால சொல்றேன்.

என்கிட்டயும் ஆடு இல்லாம இல்ல. கருப்பின்னு ஒண்ணு. நாலு காலும் கல்லுத்தூணு மாதிரி. போன வாரம் குட்டி போட்டுச்சு. போட்டுட்டுத் திரும்பிக் கூட பாக்கல. குட்டி கிட்டப் போனா ஒதைக்குது. நான் கொம்பைப் புடிச்சிக்கினு, எங்கூட்டுக்காரரு பின்னங்காலைப் புடிச்சிக்கினு, என்னென்னமோ பண்ணிப் பாத்தோம். நாலாம் நாளு குட்டி பூடுச்சு. நான் குழி தோண்டிப் புதைச்சிட்டு நிமிர்றேன், கீழேர்ந்து பவுனு குட்டிங்களைக் கூப்புடுற சத்தம். எனக்கு எப்டி இருந்துருக்கும் சொல்லுங்க. மெய்யாலுமே சொல்றேன், அந்த நேரத்துல அந்த ஆட்டு மேல எனக்கு வந்த எரிச்சல் ஒரு மனுசி மேல கூட வந்தது கெடையாது.

எழுந்திரிக்காதீங்க. ரவ நேரம் உக்காருங்களேன். கருப்பிதாங்க கத்துது, அது குரலு அப்டி தான், மெலிசா... சரி. குட்டிக் குரலு உங்களுக்குத் தெரியாதா இன்னா. நீங்க படிச்சவங்க. உள்ள தாங்க கீது. அடுப்புப் பக்கத்துல, கூடை கவுத்து வச்சிருக்கேன் பாருங்க. மேல செங்கல்லு. பயப்படாதீங்க, மூச்சு முட்டாது, மூங்கிக் கூடை தான்.

திருடியா நான்? சொல்லிக்கோங்க. திருடணும்னு போவலைங்க. நான் எப்டி போவேன், இந்த சரிவுல எறங்கி நான் எத்தினி வருஷமாச்சு. அதுங்களா தான் வந்துச்சு. நேத்து காலைல மூணு குட்டியும் மேடேறி வந்து என் வாசல்ல குதிச்சிக்கினு இருந்துச்சு. நான் மொறத்துல சாமை பொடைச்சிக்கினு இருந்தேன். கீழேர்ந்து அது ஒரு குரல் குடுத்துச்சு. ரெண்டு குட்டி துள்ளிக்கினு எறங்கி ஓடிடுச்சு. இந்த சின்னது மட்டும் சரிவு விளிம்புல நின்னுக்கினு, ஒரு கால வைக்குது, எடுக்குது. வைக்குது, எடுக்குது. எறங்க பயம். பாத்துக்கினே இருந்தேன். கை தானா நீண்டுடுச்சு.

கருப்பிகிட்ட வுடலாம்னு தான் நெனச்சேன். அதுக்கு மடி நெறைய பாலு, இதுக்கு அங்க மூணாவது பங்கு. நியாயந்தான? உப்புத் தண்ணி தடவினேன். கருப்பி பாலையே கறந்து இது முதுகுல, வாலுல எல்லாம் பூசினேன். வேற ஆட்டுக் குட்டிய சேக்க நாங்க அப்டி தான் பண்ணுவோம், வாசனை மாறினா ஏமாந்து சேத்துக்கும். ஏமாறலைங்க கருப்பி. இதுவும் ஏமாறல. பாட்டில்ல குடுத்தாலும் துப்புது. என் மடியில போட்டுக்கினு வெரல்ல தொட்டு வச்சேன், மூஞ்சியத் திருப்பிக்குது. நேத்துலேர்ந்து வயிறு ஒட்டிப் போயி கெடக்குது. வாயில கை வச்சிப் பாருங்க. ஜில்லுன்னு கீதா? அய்யோ. அது ரொம்ப ஆகாதாங்க? சாயங்காலம் தாங்காதா? அப்டி சொல்லாதீங்க டாக்டரம்மா. சாவணும்னு நெனச்சி புடிக்கலைங்க நான். அம்மன் சத்தியமா.

அப்போவே குடுத்துருக்கலாந்தான். கவியா வந்து கேட்டுச்சே. நேத்து ரெண்டு தடவை ஏறி வந்துச்சு. சித்தி, குட்டி இந்தப் பக்கம் வந்துச்சா சித்தின்னு வாசல்ல நின்னு கேட்டுச்சு. பத்து நாளா லீவுல கீது, ஒரு தடவை ஏறி வரல. குட்டி காணோம்னதும் ரெண்டு தடவை. வேர்த்துப் போயி, மூச்சு வாங்கிக்கினு. தண்ணி குடிக்கிறியான்னேன். குடிச்சிச்சு. சொம்பை என் கையிலயே குடுத்துச்சு. காணலையே கண்ணுன்னு சொன்னேன். குட்டி அந்நேரம் பாத்து கம்முனு கெடந்துச்சு. இன்னொரு தடவை வருமேன்னு தான் சொல்லல. அவ்ளோ தான் காரணம். கேக்க அசிங்கமா கீது இல்ல?

புரியலையா. உங்களுக்கு எப்டி புரியும், நீங்க இந்த மலைக்குப் புதுசு.

எனக்கு மொதல்ல ரெண்டு கொழந்தை பொறந்து பூடுச்சுங்க. ஒண்ணு பொறந்த அன்னிக்கே. ஒண்ணு மூணு மாசத்துல. மூணாவது பொறந்தப்போ பெரியவங்க எல்லாம் ஒக்காந்து பேசி, இது தங்கணும்னா தவுட்டுக்குக் குடுத்துடணும்னாங்க. கேள்விப்பட்டதில்லையா? புள்ள தங்காத வூட்டுல பண்றது தான். பதினோராம் நாளு புள்ளைய மொறத்துல போட்டு வாசல்ல வைக்கணும். புள்ள தங்குன பொம்பள ஒருத்தி வந்து, ஒரு படி சாமைத் தவுடு குடுத்து வாங்கிக்கினு போவணும். இது என் புள்ள இல்ல, தவுட்டுக்குப் போன புள்ளன்னு சொல்லிடணும். எமன் வந்து தேடினாலும் அட்ரசு மாறிடும், அவ்ளோ தான். விளையாட்டு மாதிரி. முதல் மொட்டை போட்டதும், பெத்தவ ரெண்டு படி தவுடு எடுத்துக்கினு போயி, மடியேந்தி, என் புள்ளைய குடுன்னு கேட்டு வாங்கியாரணும்.

வடிவு அக்காவுக்கு ரெண்டு பசங்க நல்லா கீறானுங்க. அவங்க தான் வாங்கினாங்க. வாங்குன அன்னிக்கு சொன்னாங்க, இந்த மேட்டுல தண்ணி தூக்கவே உன்னால ஆவல, இந்தக் காலை வச்சிக்கினு நீ எப்டிடி வளப்ப, மொட்டை வரைக்கும் என்கிட்டயே இருக்கட்டும்னு. அது தான் அந்தப் பேச்சு. அவங்க கெட்ட மனசோட சொல்லல. அதான் எனக்கு ஆத்திரமே. கெட்ட மனசோட சொல்லியிருந்தா நாலு கேள்வி கேட்டுருப்பேன். எனக்கும் பயம். பதினோரு நாளும் நான் இந்த செவுத்துல சாஞ்சிக்கினு தான் பாலு குடுத்தேன். நின்னா கைலேர்ந்து வுட்டுடுவேனோன்னு.

மொட்டை போட்டாங்க. தவுடு பொடைச்சி வச்சிட்டேன் ரெண்டு படி. புதுப் புடவை கட்டினேன். தோ, இந்த விளிம்பு வரைக்கும் வந்தேன். மழை பேஞ்சி கல்லெல்லாம் வழுக்கிக்கினு கெடந்துச்சு. மழை வுடட்டும்னேன். மழை வுட்டுச்சு. தீபம் முடியட்டும்னேன். தீபம் முடிஞ்சிச்சு. அப்பால ஒரு நாளு இங்கியே நின்னுக்கினு கீறேன், கீழ வாசல்ல அது தவழ்ந்து போயி வடிவு அக்கா புடவையப் புடிச்சிக்கினு எழுந்து நின்னுச்சு. அம்மான்னுச்சு. இங்க வரைக்கும் கேட்டுச்சு. திரும்பி வூட்டுக்குள்ள வந்துட்டேன். தவுட்டை ஆட்டுக்குப் போட்டுட்டேன்.

வாங்குனவ தானா கொண்டாந்து குடுக்கக் கூடாதுங்க, குடுத்தா புள்ளைக்கு ஆவாதுன்னுவாங்க. பெத்தவ தான் போவணும். அவங்க நான் வருவேன்னு பாத்தாங்களோ, வரக் கூடாதுன்னு பாத்தாங்களோ தெரியாது. ஒரு நாளும் இல்லன்னு சொல்லல. நான் தான் ஒரு நாளும் கேக்கல. பத்தொம்போது வருஷம் ஆச்சு. கவியாவுக்கும் தெரியும். ஊருக்கே தெரியும். யாரும் பேச மாட்டாங்க. எம் பொறாமைய இப்போ சொல்லட்டுமா? அந்த வூட்டு மேல இல்லைங்க. வடிவு அக்கா மேல கூட இல்ல. அந்த ஆட்டு மேல.

இருங்க. கேக்குதா? அது கருப்பி இல்ல. சரிவுலேர்ந்து வருது.

அடியே... இங்க வந்து பாருங்க டாக்டரம்மா. சீக்கிரம். அடிபட்டதுலேர்ந்து அது இந்த மேட்டுல கால வச்சதே இல்லைங்க. பாருங்க, அந்த மொட்டைக் கால கல்லு மேல ஊனுது. ஊனிக்கினு பின்னங்காலை இஸ்துக்குது. வழுக்குது பாருங்க... ஆங், எழுந்துடுச்சு. முட்டியெல்லாம் ரத்தம். மறுபடியும் ஏறுது. பின்னால யாரு, கவியாவா? கவியா தான். புடிக்கல பாருங்க அது. கையை நீட்டிக்கினே வருதே ஒழிய புடிக்கல. வுட்டுட்டு பின்னாலயே வருது.

இந்தக் கல்லு தாங்க, நான் நின்ன எடம். இந்த எடத்தைத் தாண்டுனா அந்த வாசலுக்கு முப்பது அடி இருக்குமா? அது மூணு காலோட ஏறி வந்துடுச்சு டாக்டரம்மா. எனக்கு எறக்கம். நான் போவல.

கூடையத் தூக்குங்க. இல்ல, வேணாம், நான் தூக்குறேன். நான் வச்சது தான. போ. போடா கண்ணு. மெதுவா... பாத்தீங்களா, உப்பும் கருப்பி பாலும் பூசி வச்சிருக்கேன், மோந்து பாக்குது, மோந்து பாத்துட்டு நக்குது பாருங்க. என் வாசனை எல்லாத்தையும் நக்கி எடுத்துடுச்சு. அந்த செவுத்தாண்டயே போயி சாஞ்சிக்குது. அந்த செவுரு தாங்க. அதுக்கு எப்டி தெரியும்?

குடிக்குதா? வாலை ஆட்டுதா? நல்லா பாத்து சொல்லுங்க, எனக்குக் கண்ணு மறைக்குது. ஆங். போதும். குடிச்சிட்டா பொழைச்சிக்கும், இல்லைங்களா?

கவியா வாசலுக்கு வந்துடுச்சு. நான் சொன்னதெல்லாம் உங்களோட இருக்கட்டும். அந்த சொம்பை இப்டி குடுங்க, அதுக்கு மோர் ஊத்தணும், மேடேறி வந்துருக்குது.

வா கண்ணு. உள்ள வா. குட்டி கெடச்சிடுச்சு, தோ பாரு, பாலு குடிக்குது. அழுவாத. யாரும் திருடல கண்ணு, நரியும் இல்ல. சித்தி தான் வச்சிருந்தேன்.